ஆபத்து நேரத்தில் வயர்லெஸ்: மதுரையில் போலீஸ், தீயணைப்பு, 108, வருவாய்த் துறைகள் பேசிக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை, அலங்காநல்லூர் வாடிவாசல், வைகை வெள்ளம், மாசி வீதிகளில் தீ விபத்து என எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு துறை மட்டும் தனியாக நின்று சமாளிப்பதில்லை. போலீஸ், தீயணைப்பு, 108, வருவாய்த் துறை, மாநகராட்சி, மின்வாரியம், சில சமயம் ரயில்வே என்று பலரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் பேச முடிந்தால் உயிர்கள் பிழைக்கும். நான் ஹாம் ரேடியோ, அதாவது தனிநபர்கள் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் வயர்லெஸ், பயன்படுத்துபவன். திருவிழாத் தொண்டர்களுக்கு வயர்லெஸில் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் என் செல்போன் வேலை செய்வதில்லை. போலீசாரின் வயர்லெஸ் மட்டும் எப்படி வேலை செய்கிறது?

ஒரு செல்போன் டவர் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் இணைப்புத் தர முடியும் என்று வரம்பு உண்டு. கோரிப்பாளையத்திலும் ஆழ்வார்புரத்திலும் உள்ள டவர்கள் அன்றாடக் கூட்டத்தை வைத்துக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. அன்று விடியற்காலையில் லட்சக்கணக்கானோர் அவற்றை ஒரே நேரத்தில் நாடுகிறார்கள். ஒருவர் வீடியோ அழைப்பில் அழகரை வீட்டுக்குக் காட்டுகிறார், ஒருவர் படம் அனுப்புகிறார், ஒருவர் கைவிட்டுப்போன பிள்ளையைத் தேடி அழைக்கிறார். தற்காலிக டவர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

வயர்லெஸ் அந்தக் கூட்டத்துக்குள் வருவதே இல்லை. அது துறைக்கென்றே ஒதுக்கிய அலைவரிசையில் இயங்குகிறது. எண்ணை அழுத்தி, மணி அடித்து, எதிர்முனையில் எடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; பொத்தானை அழுத்தினால் உடனே பேசலாம். இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. ஒருவர் பேசுவதை அந்தச் சேனலில் உள்ள அத்தனை பேரும் ஒரே நொடியில் கேட்கிறார்கள். கல்பாலம் பக்கம் நெரிசல் கூடுகிறது என்று ஒரு காவலர் சொன்னால், அடுத்த தடுப்பில் நிற்பவர், அதற்கு அடுத்தவர், உதவி ஆணையர் என எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. இதையே செல்போனில் சொல்ல வேண்டுமானால் இருபது பேரைத் தனித்தனியாக அழைக்க வேண்டும். அதற்குள் நெரிசல் கைமீறியிருக்கும்.

ஒரு செட்டில் பேசினால் எவ்வளவு தூரம் கேட்கும்?

கையில் பிடிக்கும் வாக்கி டாக்கியின் திறன் சுமார் 5 வாட். வண்டியில் பொருத்தியது 25 வாட் அளவில் இருக்கும். ஆனால் வாட்டைவிட உயரம்தான் முக்கியம். போலீசும் தீயணைப்பும் பயன்படுத்தும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இடையில் மலையோ கட்டடமோ வந்தால் மங்கிப்போகும். கொடைக்கானல் எஃப்.எம். மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் கேட்பதற்குக் காரணம், அதன் கோபுரம் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்பதுதான்.

இரண்டு கைசெட்டுகள் நேரடியாகப் பேசிக்கொண்டால், கட்டடங்கள் நெருங்கிய மாசி வீதிகளில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் எட்டுவதே கடினம். அதனால்தான் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். கைசெட்டின் மெல்லிய அலையை அது ஓர் அலைவரிசையில் வாங்கி, இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். மதுரையைச் சுற்றி மலைகளுக்குக் குறைவில்லை. யானைமலைக்கு அந்தப் பக்கம் போனாலும் நாகமலையின் மறைவில் நின்றாலும் அலை மங்கும். ரிப்பீட்டருக்கு எந்த மலை, எந்தக் கட்டடம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு மாவட்டத்தின் வயர்லெஸ் நன்றாக இருக்குமா இராதா என்பது தீர்மானமாகிறது.

கருங்கல் மண்டபம், கடைகளின் அடித்தளம், ரயில்வே சுரங்கப்பாதை ஆகியவற்றுக்குள் ரிப்பீட்டரின் அலையும் எளிதில் நுழையாது. அங்கே பழைய வழியே நல்ல வழி. வாசலில் ஒருவர் நின்றுகொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் நேரடிச் சேனலில் அவரிடம் சொல்ல, அவர் வெளியிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். ரிப்பீட்டருக்கு மின்சாரமும் பேட்டரியும் போய்விட்டாலும் இந்த நேரடிச் சேனல்தான் கைகொடுக்கும். அதற்கு எப்படி மாற்றுவது என்று செட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

போலீஸ் செட்டில் பேசுவது தீயணைப்பு வண்டியில் கேட்குமா?

பொதுவாகக் கேட்காது. ஒவ்வொரு துறைக்கும் தனி அலைவரிசை, தனி கண்ட்ரோல் ரூம். 108-க்கு மாநில அளவில் ஓர் அழைப்பு மையம் இருக்கிறது. அதன் ஊழியர்கள் பெரும்பாலும் செல்போனை நம்பியே இயங்குகிறார்கள். ரயில்வேக்குத் தனி அமைப்பு. போலீசுக்குள்ளேயும் மதுரையில் இரண்டு நிர்வாகங்கள் உண்டு. 1990 முதல் மாநகரத்துக்குத் தனி ஆணையரகம். சுற்றியுள்ள ஊர்களுக்கு மாவட்டக் கண்காணிப்பாளர். அழகர்கோவிலில் புறப்படும் பல்லக்கு, மாவட்டப் போலீசின் எல்லையிலிருந்து மாநகரப் போலீசின் எல்லைக்குள் வருகிறது. மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் திரளும் கூட்டத்துக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. அதைப் பாதுகாப்பவர்களுக்கோ அது ஒவ்வொரு நிமிடமும் நினைவில் இருக்க வேண்டிய கோடு.

எல்லோரையும் ஒரே சேனலில் போட்டுவிட்டால் என்ன?

வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாக அழுத்தினால் இரைச்சல்தான் மிஞ்சும். திருமங்கலத்தில் பைக் விபத்து, மேலூரில் நகைப் பறிப்பு, செல்லூரில் தீ என்று அன்றாடம் நடப்பவை அனைத்தையும் ஒரே சேனலில் கொட்டினால், அவசரமான செய்திக்கு இடம் கிடைக்காது. அன்றாட வேலைக்குத் தனிச் சேனல்கள்தான் சரி. அவற்றோடு, பெரிய ஆபத்து வரும்போது எல்லாத் துறைத் தலைவர்களும் வந்து சேர ஒரு பொதுச் சேனல் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்படி வந்துசேர இடமில்லாதபோது என்ன ஆகும் என்பதை உலகம் 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் பார்த்தது. கோபுரம் சரியப்போகிறது என்பதற்கான அறிகுறிகளை வானில் வட்டமிட்ட போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கண்டார்கள். போலீஸ் வயர்லெஸில் எச்சரித்தார்கள். கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களின் செட்டுகள் வேறு அலைவரிசையில் இருந்தன. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். எல்லா மரணங்களுக்கும் வயர்லெஸ் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பார்த்தவரின் வார்த்தை உள்ளே இருந்தவரின் காதுக்குப் போகவில்லை என்பதை விசாரணை ஆணையமே பதிவு செய்தது. வயர்லெஸ் பற்றிப் பேசும் யாரும் இதை மறக்கக் கூடாது.

அப்படியானால் இங்கே துறைகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

மூன்று நான்கு வழிகள் உண்டு. இரண்டு துறைகளின் சேனல்களைக் கண்ட்ரோல் ரூமில் ஒரு கருவி மூலம் இணைக்கலாம். அப்போது ஒன்றில் பேசுவது மற்றதிலும் ஒலிக்கும். ஒரு துறையின் செட்டை அடுத்த துறை அதிகாரிக்குக் கையில் கொடுத்துவிடலாம். பொதுச் சேனல் வைக்கலாம். எளிமையானதும் நான் அதிகம் நம்புவதுமான வழி, ஒரே அறையில் எல்லாத் துறைப் பிரதிநிதிகளையும் உட்கார வைப்பது.

பயிற்சிக்கு நான் பயன்படுத்தும் கற்பனை உரையாடல் ஒன்றைத் தருகிறேன். 'ஆழ்வார்புரம் மூன்று' என்பது அங்கே நிற்கும் காவலரின் அழைப்புப் பெயர்; 'ஓவர்' என்றால் நான் பேசி முடித்தேன், இனி நீங்கள் பேசலாம் என்று பொருள்.

"கண்ட்ரோல், ஆழ்வார்புரம் மூன்று. ஓவர்."

"ஆழ்வார்புரம் மூன்று, சொல்லுங்கள். ஓவர்."

"வடகரை, ஐந்தாவது தடுப்பு. வயதான அம்மா ஒருவர் மயங்கிவிட்டார். மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை, ஸ்ட்ரெச்சரோடு ஆள் வேண்டும். ஓவர்."

"வடகரை, ஐந்தாவது தடுப்பு, ஸ்ட்ரெச்சரோடு ஆள். சரிதானா? ஓவர்."

"சரி. ஓவர்."

இதைக் கேட்ட போலீஸ் ஆபரேட்டர் தலையைத் திருப்பிப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் 108 பிரதிநிதியிடம் சொல்கிறார். அவர் அருகில் நிற்கும் தம் குழுவை அழைக்கிறார். அதே நேரத்தில் போலீஸ் ஆபரேட்டர் ஐந்தாவது தடுப்பை ஒரு பக்கம் திறந்துவிடும்படி தம் சேனலில் சொல்கிறார். ஸ்ட்ரெச்சர் வரும்போது வழி தயாராக இருக்கிறது. அந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால், போலீஸ் 108-க்குப் போன் போட வேண்டும். மாநில மையத்தில் எடுப்பவருக்கு ஆழ்வார்புரம் எங்கே என்று விளக்க வேண்டும். அவர் மறுபடி மதுரை வண்டியை அழைக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

இதற்குச் சட்டத்தின் பின்பலமும் உண்டு. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். சம்பவ இடத்தில் யார் தலைமை, செயல்பாடு யார் பொறுப்பு, தளவாடம் யார் பொறுப்பு என்று வகுக்கும் வழிகாட்டுதலைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்டது. தகவல் தொடர்புக்கென்று ஒரு தனிப் பிரிவை அதுவே சொல்கிறது. எந்தச் சேனலில் யார் பேசுவது என்ற ஒற்றைத் தாள் திட்டம், திருவிழாவுக்கு முதல் நாளே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும்.

மதுரைக்கு இது அவ்வளவு அவசியமா?

அண்மை ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பார்ப்போம். 2018 பிப்ரவரி 2 இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ. 2020 தீபாவளி நாளின் அதிகாலையில், விளக்குத்தூண் பகுதியில் எரிந்த ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில், கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் மக்கள் இன்றி நடந்த பிறகு வந்த சித்திரைத் திருவிழாவில், அழகரைக் காண வந்த கூட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் கேஸ் சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தார்கள்.

ஒவ்வொன்றிலும் தேவைப்படும் செய்தி வேறு. ரயில் பெட்டியில் தீ என்றால், தண்ணீர் அடிக்கும் முன் மேலே ஓடும் மின்கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டதா என்ற உறுதியை ரயில்வே தர வேண்டும். நகரத் தீயணைப்பு வீரர் அதைத் தம் செட்டிலேயே கேட்க வேண்டும். எரியும் கட்டடம் என்றால், வெளியே நின்று சுவர் விரிசலைக் காண்பவர் உள்ளே இருப்பவரை அந்த நொடியே வெளியே வரச்சொல்ல வேண்டும்.

கூட்ட நெரிசல் இன்னும் நுட்பமானது. நசுங்கிக்கொண்டிருப்பது முன்வரிசை, தள்ளுவது பின்வரிசை. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவர் அழகரைப் பார்க்கும் ஆவலில் ஓரடி முன்னே வைக்கிறார், அவ்வளவுதான். முன்னால் நிற்கும் காவலர் எவ்வளவு கத்தினாலும் பயன் இல்லை. அரைக் கிலோமீட்டருக்குப் பின்னால் நுழைவை நிறுத்தினால்தான் முன்னால் மூச்சுவிட இடம் பிறக்கும். கூட்டத்தைத் தாண்டி அந்தச் செய்தியைக் கொண்டுபோக வயர்லெஸைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வைகை அணை திறக்கும்போது என்ன நடக்கும்?

அணையின் முழு நீர்மட்ட உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் கட்ட வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும். தண்ணீர் பேரணை, சோழவந்தான் வழியாக மதுரைக்கு வந்து விரகனூர் மதகணையைத் தாண்டும். வருவதற்கு மணிக்கணக்கில் நேரம் இருப்பதால் இங்கே போனும் ஒலிபெருக்கியும் பெரும்பாலும் போதும். ஆனால் மின்சாரம் நின்று டவர்கள் செயலிழந்த 2015 சென்னை வெள்ளம் போன்ற நிலை வந்தால் போன் இருக்காது. வெள்ளத் திட்டத்தில் வயர்லெஸ் இரண்டாவது வழியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அரசிடமிருந்து செல்போனுக்கு அலறலோடு ஓர் எச்சரிக்கை வருகிறதே, அது நெரிசலிலும் வருமா?

வரும். 2023-இல் நாடு முழுவதும் சோதித்துப் பார்த்தது அதைத்தான். டவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைக்காமல், எல்லையில் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரேயடியாக ஒலிபரப்புகிறது. டவர் உயிரோடு இருக்கும்வரை அது எட்டும். ஒருவழிச் செய்திதான், பதில் சொல்ல முடியாது.

டிஜிட்டல் செட்டுகள் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

பாதி தீரும். டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் ஒரே அலைவரிசையில் இரண்டு உரையாடல்கள் ஓடும். டெட்ரா என்ற முறையில் நான்கு. ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டலாம்; எந்தச் செட் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம்; துறைகளைக் கலந்து புதுக்குழுவை நிமிடத்தில் உருவாக்கலாம்.

ஆனால் பழைய அனலாக் செட்டில் அலை மங்கும்போது இரைச்சல் கூடிக்கொண்டே வரும். பயன்படுத்துபவர் எச்சரிக்கையாகி இரண்டடி நகர்ந்து நிற்பார். டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாகக் கேட்டுவிட்டு, திடீரென்று ஒன்றும் கேட்காது. மேலும், ஒரு துறை ஒரு முறையையும் அடுத்த துறை வேறு முறையையும் வாங்கினால், இன்று இருக்கும் சுவரைவிட உயரமான சுவரைப் பணம் கொடுத்துக் கட்டியதாகிவிடும். வாங்கும் முன் துறைகள் கலந்து பேசுவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் மாற்றாகாது.

வயர்லெஸில் பேசுவதற்கு முறை இருக்கிறதா?

இருக்கிறது, அதை யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். இல்லையேல் முதல் சொல் வெட்டுப்படும். யாரை அழைக்கிறீர்களோ அவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். மேளச் சத்தத்தில் கத்தினால் குரல் உடையும். திரும்பி நின்று சாதாரணக் குரலில் பேசுவதே தெளிவாகக் கேட்கும்.

மதுரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கீழமாசி வீதி, கீழவெளி வீதி, கீழ ஆவணி மூல வீதி. அதேபோல் மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு திசைகளிலும். இரைச்சலில் நடுச்சொல் ஒன்று விழுங்கப்பட்டால் தீயணைப்பு வண்டி ஒரு சுற்று தள்ளிப்போய் நிற்கும். திருவிழா நாளில் அந்தத் தெருக்களில் வண்டியைத் திருப்புவது எவ்வளவு பாடு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆகையால் தெருப்பெயரோடு ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கீழமாசி வீதி, தேரடி அருகில். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களையும் இலக்கம் இலக்கமாகச் சொல்வது நல்லது; அறுபதும் எழுபதும் செட்டில் ஒன்றுபோலவே கேட்கும்.

அழகர் வழியில் தங்கிச் செல்லும் மண்டகப்படியை நடத்தும் எங்கள் குழுவுக்கு வாக்கி டாக்கி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எதை என்பதில் கவனம் வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. பந்தலுக்குள்ளும் அன்னதான வரிசைக்கும் அவை போதும். மற்ற அலைவரிசைகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவிடம் அனுமதி பெற வேண்டும். எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ளக்கூடிய மலிவான செட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தெரியாமல் போலீஸ் சேனலில் நீங்கள் பொத்தானை அழுத்தினால், மேலே சொன்ன மயங்கிய அம்மாவின் செய்தி உங்கள் குரலுக்கு அடியில் புதைந்துபோகும். சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும், அதைவிட இதுதான் என்னை அச்சப்படுத்துகிறது.

போலீஸ் வயர்லெஸை வீட்டிலிருந்து கேட்கலாமா?

கூடாது.

ஹாம் ரேடியோக்காரர்கள் என்ன செய்ய முடியும்?

2004 சுனாமியின்போது அந்தமானுக்கு வேறு நோக்கத்தில் போயிருந்த ஹாம் குழு, தொலைபேசிகள் அற்றுப்போன தீவுகளிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி சேர்த்தது. 2015-இல் சென்னையிலும் ஹாம்கள் உதவினார்கள். 12 வயது நிறைந்த யாரும் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டையில் கைசெட்டிலேயே பேசலாம். மதுரைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் நான்கு மாணவர்களாவது உரிமம் பெற்றிருந்தால், அவர்களை மாவட்ட நிர்வாகம் ஒத்திகைகளுக்கு அழைத்தால், நமக்கு எப்போதும் தயாராக ஒரு படை இருக்கும். இதற்காக யாரிடமும் கேட்கத் தயங்கமாட்டேன்.

பொதுமக்கள் நாங்கள் எந்த எண்ணை அழைப்பது? என்ன சொல்வது?

எதற்கும் 112. தனித்தனியாக என்றால் போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. வெள்ளம், மரம் விழுதல், வீடு இடிதல் போன்றவற்றுக்கு ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநில மையம் 1070. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் டவர் வழியாக அழைப்பு போகக்கூடும்.

முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர். கூட்டத்தில் இருந்தால் போனில் போராடிக்கொண்டிருக்காமல் அருகில் செட்டு வைத்திருக்கும் காவலரிடமோ ஊர்க்காவல் படையினரிடமோ சொல்லுங்கள். அவர் வார்த்தை உங்களுடையதைவிட வேகமாகப் போகும். ஆம்புலன்ஸுக்கு அழைத்தபின் வேறு யாரிடமும் பேசாமல் போனைக் காலியாக வைத்திருங்கள். ஓட்டுநர் வழி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் திருப்பி அழைப்பார்.